உள்ளூர் வானொலியில் உள்ளூர் குறைந்துகொண்டே போகிறது, இதற்காகக் குரல் கொடுப்பது வீண் வேலையா?

பம்புசெட்டு:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக மனசை அரித்துக்கொண்டிருக்கிற விஷயம் இது, இங்கே தெரிந்தவர்கள் இருப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 74 வயது. மோட்டார் கொட்டகையில் ஓர் ஆணியில் டிரான்சிஸ்டர் தொங்கும், பக்கத்தில் நாள்காட்டி, அதில் செருகி வைத்த பென்சில். சாயங்காலம் வேளாண் நிகழ்ச்சி ஆரம்பித்தால் மடையை அப்படியே விட்டுவிட்டு வந்து நிற்பார். மருந்து அளவு சொல்லும்போது அறிவிப்பாளர் "மறுபடியும் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்" என்று நிறுத்தி நிறுத்தி இரண்டு தடவை சொல்வார். அப்பா கிழித்த தேதித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வார். அப்படி எழுதிய தாள்கள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வீட்டில் இருக்கின்றன. எந்த ஒன்றியத்தில் புகையான் பூச்சி தெரிகிறது, எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் முறை, எந்த ஊரில் கால்நடை முகாம் என்பதெல்லாம் ஊர்ப் பேரோடு வரும்.

இப்போது அதே நேரத்தில் பெரும்பாலான நாட்கள் வேறு ஊரில் தயாரான நிகழ்ச்சிதான் அஞ்சலாகி (ரிலே ஆகி) வருகிறது. நல்ல நிகழ்ச்சிதான், அதில் வேலை செய்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா வைக்காத பயிரைப் பற்றியும் பார்க்காத ஊரைப் பற்றியும் பேசுகிறது. ஒரு மாதமாக அவர் பென்சிலை எடுக்கவே இல்லை.

இதை என் தம்பியிடம் சொன்னேன். அவன் ஒரே வரியில் முடித்துவிட்டான்: எல்லாம் போனில் இருக்கிறது, இந்தக் காலத்தில் ரேடியோவை யார் கேட்கிறார்கள், நம் வரிப் பணத்தை எதற்கு இதில் கொட்ட வேண்டும் என்று. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவன் சொன்னது சரி என்றும் தோன்றவில்லை. வெறும் பழைய ஞாபகத்துக்காகத்தான் நான் வருத்தப்படுகிறேனா, அல்லது உண்மையிலேயே ஏதாவது போய்க்கொண்டிருக்கிறதா? இதைப் பற்றி யாரிடமாவது எழுதினால் பலன் உண்டா?

*

பகுதிநேரக்குரல்:

தம்பி, உங்கள் அப்பாவின் பிஸ்கட் டப்பாவைப் பற்றிப் படித்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. நான் ஒரு நிலையத்தில் பல வருஷம் தற்காலிக அறிவிப்பாளராக இருந்தவள். மாதத்துக்கு 6 நாள் பணி, அதற்கு மேல் தர மாட்டார்கள். "மறுபடியும் சொல்கிறேன்" என்பதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அதற்காகத்தான், கேட்கிறவர் கையில் மண்வெட்டி இருக்கும், அவர் பென்சிலைத் தேடி எடுக்க நேரம் கொடு என்று.

ஏதோ போய்க்கொண்டிருக்கிறதா என்று கேட்டீர்கள். ஆமாம், போகிறது. எப்படிப் போகிறது என்பதை உள்ளே இருந்து பார்த்தவளாகச் சொல்கிறேன். யாரும் ஒரு நாள் வந்து பூட்டுப் போடுவதில்லை. நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஓய்வு பெறுவார், அந்த இடத்துக்கு ஆள் வராது. அப்புறம் வெளிக்களத்துக்குப் போகும் வண்டி குறையும். வண்டி இல்லாததால் ஒலிப்பதிவு நிலையத்துக்குள்ளேயே நடக்கும், நிலையத்துக்கு வந்து பேசக்கூடியவர்கள் மட்டும் பேசுவார்கள். பிறகு எங்களைப் போன்ற தற்காலிக ஆட்களுக்கு அழைப்பு குறையும். கடைசியில் "இங்கே ஆள் இல்லை, அதனால் அஞ்சல் செய்கிறோம்" என்பார்கள், அது அந்த நேரத்தில் உண்மையாகவும் இருக்கும்.

அரை மணி நேர உள்ளூர் நிகழ்ச்சிக்கு என்ன உழைப்பு தெரியுமா? ஒரு தடவை நடவுப் பாட்டு பதிவு செய்ய ஒரு பாட்டியம்மாவை நிலையத்துக்கே கூட்டி வந்தோம். குளிர்சாதன அறை, நாற்காலி, எதிரே மைக். இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. "குனிஞ்சாத்தான் பாட்டு வரும் கண்ணு" என்றார். மறுநாள் அவர் வயலுக்கே ரெக்கார்டரோடு போனோம், சேற்றில் இறங்கி நாற்றைக் கையில் பிடித்ததும் முக்கால் மணி நேரம் நிற்காமல் பாடினார், பின்னால் பஸ் ஹாரன், காற்று, மற்ற பெண்களின் சிரிப்பு எல்லாமும் சேர்ந்து. அதில் 12 நிமிஷம்தான் ஒலிபரப்பானது. அந்த 12 நிமிஷத்துக்கு இரண்டு நாள், ஒரு வண்டி, மூன்று பேர். வேறு ஊர் நிகழ்ச்சியை எடுத்துப் போட ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கணக்குப் புத்தகத்தில் எது வெல்லும் என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் தம்பிக்குச் சொல்ல இன்னொன்று. அறுபதுகளின் பிற்பகுதியில் தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 என்கிற நெல் வேகமாகப் பரவியது. திருச்சி நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பைக் கேட்டுத்தான் பலர் அதைப் பயிரிட்டார்கள். அதனால் அந்த நெல்லுக்கு ஜனங்கள் வைத்த பேரே "ரேடியோ நெல்". ஒரு ரகத்துக்கு வானொலியின் பேரையே வைக்கிற அளவுக்கு நம்பிக்கை இருந்தது. பேசுகிறவர் நம் மண்ணை அறிந்தவர் என்ற எண்ணம் இல்லாமல் விதை நெல்லை யாரும் மாற்ற மாட்டார்கள்.

*

கணக்குப்பிள்ளை:

மன்னிக்கவும், நான் கொஞ்சம் மாற்றிப் பேசப் போகிறேன். யாருடைய அப்பாவையும் சிறுமைப்படுத்துவதற்காக அல்ல, என் வீட்டிலும் ரேடியோ கேட்டு வளர்ந்தவன்தான். "செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி" என்ற குரல் இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால் பணம் என்று வந்தால் கேள்வி கேட்கத்தான் வேண்டும். இங்கே வானொலிக்குத் தனி லைசென்ஸ் கட்டணம் இப்போது கிடையாது. ஆகாசவாணியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதியின் சம்பளச் செலவை அரசு மானியம்தான் தாங்குகிறது, விளம்பர வருமானம் அதற்குப் பக்கத்தில் கூட வராது. பழைய மத்திய அலை (மீடியம் வேவ்) டிரான்ஸ்மிட்டர்கள் மின்சாரத்தைக் குடிக்கின்றன, உதிரி பாகம் கிடைப்பதே கஷ்டம். அதே பணத்தில் வேளாண் துறை ஒவ்வொரு விவசாயிக்கும் அவர் பயிருக்கேற்ற தகவலைப் போனில் அனுப்பலாமே? நேரத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. பொது ஒலிபரப்பு என்று பெருமையாகச் சொல்கிறோம், நெருக்கடி நிலைக் காலத்தில் அது ஆட்சியின் ஊதுகுழலாக இருந்ததை மறக்க முடியுமா? தன்னாட்சிக்காக 1990இல் சட்டம் வந்தது, அது நடைமுறைக்கு வரவே 1997 ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் காசு கொடுப்பது அரசுதான். காசு கொடுக்கிறவரைக் கேள்வி கேட்காத ஊடகத்துக்கு ஏன் இவ்வளவு பரிந்து பேச வேண்டும்? உள்ளூர் வேண்டுமென்றால் தனியார் எஃப்.எம். இருக்கிறது, சமுதாய வானொலி இருக்கிறது.

*

வாடைக்காற்று:

கணக்குப்பிள்ளை அண்ணே, நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான், கோபமில்லாமல் பதில் சொல்கிறேன். நான் நாகப்பட்டினம் மாவட்டக் கடற்கரை ஊர்க்காரன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் பக்கம்தான் கரையேறியது. விடிந்து பார்த்தால் தென்னை முழுக்கத் தரையில். கரண்ட் கம்பம் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. போன் முதல் நாளே செத்துவிட்டது, ஒன்று கோபுரம் வேலை செய்யவில்லை, இல்லையென்றால் கையில் இருக்கும் போனுக்குச் சார்ஜ் இல்லை. கரண்ட் வர எங்கள் தெருவுக்குப் பல நாள் ஆனது. பக்கத்து வீட்டு மாமா பரணிலிருந்து ஒரு பழைய ரேடியோவை எடுத்தார், செல் போட்டதும் கரகரவென்று குரல் வந்தது. திண்ணையில் பதினைந்து இருபது பேர் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்தில் போன் செயலியை யாரும் தேடவில்லை. எந்த ரோடு திறந்திருக்கிறது, எங்கே முகாம், எந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் இருக்கிறார், அவ்வளவுதான் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. தமிழ்நாடு முழுவதற்குமான செய்தியில் "டெல்டா மாவட்டங்கள்" என்று ஒரு வார்த்தையில் எங்களைச் சொல்லி முடித்துவிடுவார்கள். எங்கள் ரோட்டுப் பேர் தெரிந்த ஒருவர் பேசினால்தான் எங்களுக்கு உபயோகம்.

கடலுக்குள் போனால் இன்னும் மோசம். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே போன் சிக்னல் போய்விடும். 2017இல் ஒக்கி புயல் வந்தபோது குமரி மாவட்டத்து ஆட்கள் ஆழ்கடலில் இருந்தார்கள், அவர்களுக்குச் செய்தி போய்ச் சேராததன் வலி இன்னும் அந்த ஊர்களில் ஆறவில்லை. ரேடியோ மட்டும் இருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, அவ்வளவு தூரத்துக்கு அது எட்டாமலும் போயிருக்கலாம். கடலில் இருப்பவனிடம் போய்ச் சேர ஒரு வழிக்கு நாலு வழி இருக்க வேண்டும், இருக்கிற ஒன்றையும் மூடக் கூடாது என்கிறேன்.

அப்புறம் பாஷை. எங்களுக்கு வடக்கேயிருந்து வந்தால் வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான். "வடகிழக்குத் திசையிலிருந்து மணிக்கு இத்தனை கிலோமீட்டர்" என்பதும் புரியும்தான். ஆனால் "இன்னைக்கு வாடை ஓங்கியிருக்கு" என்று ஒருவர் சொன்னால் எங்கள் அப்பா வலையைத் திரும்பச் சுருட்டி வைப்பார். சமுதாய வானொலி என்றீர்கள், பாம்பனில் கடல் ஓசை 90.4 என்று மீனவர்களுக்காகவே ஒன்று 2016 முதல் நடக்கிறது, மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதன் அலை எட்டும் வட்டம் சின்னது. நாகைக்கு அது கேட்காது.

*

அலைவரிசை:

தொழில்நுட்பப் பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், எனக்கு ஆன்டெனா கட்டிக் கேட்பது பல வருஷப் பழக்கம்.

மத்திய அலை தரையை ஒட்டிப் பரவும், கடல் நீரின் மேல் இன்னும் நன்றாகப் பரவும். திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸ், சென்னையின் 720 கிலோஹெர்ட்ஸ் எல்லாம் அந்த ரகம். எஃப்.எம். அப்படியில்லை, கிட்டத்தட்டக் கண்ணுக்கு எட்டும் தூரம்தான். கொடைக்கானல் நிலையம் மட்டும் மதுரை, தேனி, திண்டுக்கல் தாண்டியும் எடுப்பதற்குக் காரணம் கோபுரம் மலை மேல் நிற்பது, வேறு மந்திரம் எதுவும் இல்லை. ஆகவே மத்திய அலையை நிறுத்திவிட்டு எஃப்.எம்.முக்கு மாறுகிறோம் என்றால் ஒலி தெளிவாகும், ஆனால் கடற்கரையும் மலையடிவாரமும் கைவிட்டுப் போகலாம். இரண்டையும் ஒன்று என்று நினைக்கக் கூடாது.

கணக்குப்பிள்ளை செலவைப் பற்றிச் சொன்னார். வானொலியின் விசேஷமே இதுதான், ஒருவர் கேட்டாலும் ஒரு லட்சம் பேர் கேட்டாலும் டிரான்ஸ்மிட்டருக்கு அதே மின்சாரம். போனில் அனுப்பினால் ஒவ்வொருவரும் டேட்டாவுக்குக் காசு கட்ட வேண்டும், புயல் நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் முயன்றால் நெட்வொர்க் திணறும்.

தனியார் எஃப்.எம். பற்றி: அவர்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப நம் நாட்டில் அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். சமுதாய வானொலிக்கும் அதே நிலைமை. அதாவது ஒரு மாவட்டத்துச் செய்தியை வானொலியில் சொல்லச் சட்டப்படி ஒரே ஒரு அமைப்புக்குத்தான் உரிமை இருக்கிறது, அந்த அமைப்பே மாவட்டத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினால் அந்த இடத்தை நிரப்ப வேறு யாரும் வர முடியாது. எனக்கு இதுதான் பெரிய கவலை. அதோடு தனியார் நிலையங்கள் விளம்பரம் கிடைக்கும் நகரங்களில்தான் இருக்கும், அது அவர்கள் தொழில், அவர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். 2023 ஏப்ரலில் ஒரே நாளில் 91 எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்களைத் தொடங்கி வைத்தார்கள், ஒவ்வொன்றும் 100 வாட். அதே வருஷ ஜனவரியில் ஆகாசவாணி, தூர்தர்ஷன் உள்கட்டமைப்புக்கு 2,500 கோடிக்கு மேல் ஒப்புதல் ஆனது. "பார், வானொலி வளர்கிறது" என்று இதைக் காட்டுவார்கள். எட்டாத ஊருக்கு அலை எட்டுவது நல்லதுதான், ஆனால் டிரான்ஸ்மிட்டர் வேறு, நிலையம் வேறு. டிரான்ஸ்மிட்டர் மட்டும் இருக்கும் இடத்தில் எங்கோ பேசுவது கேட்கும். அங்கிருந்து யாரும் பேச மாட்டார்கள். நாகர்கோவிலில் 1984இல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் தொடங்கியபோது இருந்த எண்ணம் இதற்கு நேர் எதிரானது. அந்தச் சுற்றுவட்டாரத்துக்காக அந்தச் சுற்றுவட்டாரத்து ஆட்களே பேச வேண்டும் என்பதுதான் அது.

*

பனிக்காலம்:

நான் இங்கிலாந்தில் இருக்கிறேன், இங்கே இதே கதை கொஞ்சம் சத்தமாக நடந்தது, அதைச் சொன்னால் உதவும் என்று நினைக்கிறேன்.

பிபிசிக்கு இங்கிலாந்தில் 39 உள்ளூர் நிலையங்கள். 2022 அக்டோபர் கடைசியில், வார நாட்களில் மதியம் 2 மணிக்குப் பிறகு பக்கத்துப் பக்கத்து நிலையங்கள் ஒரே நிகழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், அந்தப் பணத்தை இணையச் செய்திக்குத் திருப்பப் போகிறோம் என்று அறிவித்தார்கள். மறு வருஷம் ஊழியர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். நடுவே பல வருஷம் பேசிய குரல்கள் போய்விட்டன. இத்தனைக்கும் இங்கே தொலைக்காட்சி பார்க்கிற வீடுகள் பிபிசிக்காக லைசென்ஸ் கட்டணம் கட்டுகின்றன.

கணக்குப்பிள்ளை சொன்ன "காசு கொடுப்பவரைக் கேள்வி கேட்காத ஊடகம்" என்பதற்கு ஒரு பதில் இங்கே நடந்தது. அந்த அறிவிப்புக்கு ஒரு மாதம் முன்னால், பொருளாதாரம் ஆட்டம் கண்டிருந்த நேரத்தில், அப்போதைய பிரதமர் லிஸ் ட்ரஸ் ஒரு காலையில் எட்டு உள்ளூர் நிலையங்களுக்கு வரிசையாகப் பேட்டி கொடுத்தார், ஒவ்வொன்றுக்கும் சில நிமிஷம். லீட்ஸ் நிலையம் எடுத்த எடுப்பில் "இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள்" என்று கேட்டது. லங்காஷயர் நிலையம் அங்கே பூமியைப் பிளந்து எரிவாயு எடுப்பதைப் பற்றிக் கேட்டது, வேறொன்று வீட்டுக் கடன் தவணை எவ்வளவு ஏறும் என்று கேட்டது. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் பட்ட பாட்டை நாடே கேட்டது. தலைநகரத்து நிருபர்கள் மறுநாளும் அவரைப் பார்த்தாக வேண்டும், உள்ளூர்க்காரருக்கு அந்தத் தயக்கம் இல்லை, அவர் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பதில் சொன்னால் போதும்.

தமிழோசையும் அப்படித்தான் போனது. 1941இல் தொடங்கிய பிபிசி தமிழ் வானொலி 2017 ஏப்ரல் 30 அன்று கடைசியாக ஒலித்தது. இணையத்தில் தமிழ்ச் செய்தி தொடர்ந்து வருகிறது, நானும் படிக்கிறேன், நன்றாகவே இருக்கிறது. ஆனால் இலங்கையில் போர் நடந்த வருஷங்களில் இரவில் அந்த ஒலிபரப்பைக் கேட்கக் காத்திருந்த என் அத்தை அதைப் படிப்பதில்லை. வானொலியில் மிச்சம் பிடிக்கும் பணம் இணையத்துக்குப் போகலாம், வானொலி கேட்டவர்கள் எல்லோரும் கூடவே போவதில்லை.

*

கணக்குப்பிள்ளை:

தனியார் நிலையத்துக்குச் செய்தி உரிமை இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை, அது பெரிய விஷயம். வாடைக்காற்று சொன்னதையும் மறுக்க முடியாது. ஆனால் பணத்தைப் பற்றிய என் கேள்வி அப்படியே நிற்கிறது: இன்னும் கொடுங்கள் என்று மட்டும் கேட்டால் அது கட்டடத்துக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும்தான் போகும், வயலுக்குப் போகிற வண்டிக்குப் போகாது. கேட்பதாக இருந்தால் ஒரு நாளில் இத்தனை மணி நேரம் உள்ளூர் தயாரிப்பு இருந்தாக வேண்டும் என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

*

பகுதிநேரக்குரல்:

சரியாகச் சொன்னீர்கள் ஐயா. பம்புசெட்டு தம்பி, யாருக்கு எழுதுவது என்று கேட்டீர்களே, வழி சொல்கிறேன்.

ஒவ்வொரு நிலையத்திலும் "ஃபிக்ஸ்டு பாயிண்ட் சார்ட்" என்று ஒன்று இருக்கும், எந்த நேரம் எந்த நிகழ்ச்சி, எது சொந்தத் தயாரிப்பு, எது அஞ்சல் என்பது அதில் தெரியும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். 10 வருஷத்துக்கு முன்னால் இருந்த சார்ட், இப்போதைய சார்ட், நிகழ்ச்சிப் பிரிவில் அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, அதில் காலி எத்தனை. இந்த நான்கையும் கேளுங்கள், கையில் கிடைத்ததும் பேச்சே மாறிவிடும். நிலையம் மூடுகிறீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள், இல்லை என்றுதான் பதில் வரும். 2021 ஜனவரியில் இப்படிப் பேச்சு கிளம்பியபோது எந்த மாநிலத்திலும் எந்த நிலையமும் மூடப்படவில்லை என்று பிரசார் பாரதி விளக்கம் கொடுத்தது. கட்டடம் இருக்கும்தான். உள்ளே என்ன தயாராகிறது என்பதைக் கேளுங்கள்.

பிரசார் பாரதி சட்டத்திலேயே வேளாண்மை, கிராம வளர்ச்சி, பல்வேறு வட்டாரங்களின் பண்பாடு, மொழி இவற்றில் கவனம் வைப்பது கடமையாக எழுதியிருக்கிறது. 1995இல் ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் வானலைகள் பொதுச் சொத்து என்று சொல்லிவிட்டது. நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதும்போது இரண்டையும் குறிப்பிடுங்கள். நிலையத்துக்குக் கடிதம் தபாலில் போடுங்கள், மின்னஞ்சல் வேண்டாம். கைப்பட எழுதிய கடிதம் கோப்பில் ஏறும், நாங்கள் ஒவ்வொன்றையும் எடுத்து வைத்திருப்போம், நேயர் இருக்கிறார் என்பதற்கு நிலையத்தின் கையில் இருக்கும் ஆதாரமே அதுதான்.

*

பம்புசெட்டு:

எல்லோருக்கும் நன்றி. இந்தப் பதில்கள் எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், பாட்டியம்மா வயலில் பாடியதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். தம்பியும் பக்கத்தில்தான் இருந்தான், தனியார் எஃப்.எம். செய்தி சொல்லக் கூடாது என்பது அவனுக்கும் தெரியவில்லை. தகவல் உரிமை மனுவை அவன் எழுதித் தருகிறேன் என்றான்.

நிலையத்துக்கான கடிதத்தை அப்பா தானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டார். ஒரு பக்கம் முடிந்திருக்கிறது. ஆரம்பத்திலேயே தன் பேர், ஊர், எத்தனை வருஷமாகக் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறார். அப்புறம் இரண்டே கோரிக்கை: மழை அளவு சொல்லும்போது எங்கள் ஒன்றியத்தின் பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், மருந்து அளவைப் பழையபடி இரண்டு தடவை சொல்ல வேண்டும்.